தண்ணி ஏன் வரேல்லை?

நான் கலியாணம் கட்டி ஜெர்மனியில் வந்து இறங்கிய முதல் கிழமையே, அக்கா ஒரு சட்டி கத்தரிக்காய்க் குழம்புடன் எங்கள் வாசலுக்கு வந்தார். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரெயிலில் முக்கால் மணித்தியாலம், பிறகு பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வருகிற மலைக்கிராமம் அது. அங்கே அப்போது இரண்டே இரண்டு தமிழ் வீடுகள். ஒன்று எங்களுடையது, மற்றது நான் பிறகு அக்கா என்று கூப்பிடப் பழகிய இவருடையது. வந்தவர் குழம்பை என் கையில் தந்துவிட்டு, என் தலைக்கு மேலால் சமையலறையை எட்டிப் பார்த்தார்.

"அடுப்பு வேலை செய்யுதோ பிள்ளை?"

"ஓம் அக்கா. வீட்டுச் சொந்தக்காரர் எல்லாம் சரியெண்டு சொன்னவர்."

"அவர் சொன்னவர். நீ பாத்தனியோ?"

நான் எங்கே பார்த்தேன்? அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாலு அடுப்பையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது சூடாகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. குழம்பு மட்டும் அபாரமாக இருந்தது.

அக்காவின் குணமே அதுதான். பஸ் ஏழு பத்துக்கு என்றால் தரிப்பிடத்துக்கு நடந்துபோய் அட்டவணையைப் பார்த்துவிட்டு வருவார். கோழி புதுசு என்று கடைக்காரன் சொன்னால் மணந்து பார்ப்பார். ஆர் பெட்டைக்கு ஆரோடு கலியாணப் பேச்சுக்கால் என்று யாராவது கதை கொண்டுவந்தால், "ஆரும் சொன்னதோ, இல்லாட்டி நீ பாத்ததோ?" என்று ஒரு கேள்வி. வந்த கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும். அதனால் ஸ்டுட்கார்ட்டில் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று போனால் பெண்கள் அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையை மெதுவாகத் தவிர்ப்பார்கள். அவருடைய மனுசன் கார் திருத்தும் கராஜில் வேலை செய்த பகிடிக்காரர். "இவ ஒரேயொரு விசயத்திலதான் ஒண்டையும் சரிபாக்கேல்லை. என்ர போட்டோவை நம்பிப் பிளேன் ஏறினவ" என்பார். அக்கா சிரிக்கமாட்டார். "அதுக்குப் பிறகுதான் பாக்கத் தொடங்கினனான்" என்பார்.

அவரைத் தீயணைப்புப் படைக்குள் கொண்டுபோனதும் இந்தக் குணம்தான்.

இங்கே தெருவோரச் சுவர்களில் சிவப்புக் கரை போட்ட சின்ன வெள்ளைப் பலகை இருக்கும். அதில் சில எண்கள். இந்தப் பலகையிலிருந்து இத்தனை மீற்றர் நேரே, இத்தனை மீற்றர் வலது பக்கம் போனால் நிலத்துக்குள் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்று அர்த்தம். நான் அதைக் கரண்ட்காரரின் இலக்கம் என்று நினைத்திருந்தேன். அக்கா அப்படி விடுகிற ஆளா? தன் வீட்டுச் சுவரில் இருந்த பலகையைக் குறித்துக்கொண்டு, தையல் நாடாவோடு நடுத்தெருவில் குந்திவிட்டார். கார்கள் ஹோர்ன் அடித்தன. எனக்கு மானம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் குழாயின் இரும்பு மூடி இருக்கவேண்டிய இடத்தில் புத்தம் புதுத் தார்தான் இருந்தது. முந்திய கோடையில் தெருத் திருத்தியவர்கள் மூடிக்கு மேலாலேயே தார் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

அக்கா நேரே தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போனார். கிராமத்துப் படை என்றால் சம்பளம் கிடையாது. தச்சர், கமக்காரர், பேக்கரியில் பாண் சுடுகிறவர் எல்லாரும் தொண்டாகச் செய்கிற வேலை. அவர்களுடைய தலைவரைக் கொமாண்டன்ட் என்பார்கள். ஆள் கூரை வேலை செய்கிறவர், ஆறரை அடி உயரம். அவர் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டி, "இதோ இருக்கிறதே" என்றார். எல்லாம் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில்தான், எனக்குத் தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.

"படத்தில இருக்கு. றோட்டில இல்லை" என்றார் அக்கா.

அடுத்த நாள் தாரை உடைத்தார்கள். நாலு விரற்கடை ஆழத்தில் மூடி இருந்தது. அந்தக் கிழமையே ஊர் முழுக்க அளந்து பார்த்ததில் இன்னும் இரண்டு அப்படிக் கிடந்தன. கொமாண்டன்ட் வெட்கப்பட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். நாங்கள் பூச்செண்டு கொண்டுவருவார் என்று பார்த்தால், படையில் சேருகிற விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்தார். பகலில் அவர்களுக்கு ஆள் இல்லை. ஊரில் வேலை செய்யக்கூடியவர்கள் முக்கால்வாசிப் பேர் விடிய எழும்பிப் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுவார்கள். அக்காவோ பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்துவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். "பகலில் நெருப்புப் பிடித்தால் என்னிடம் நாலு பேர்தான். நீங்கள் வந்தால் ஐந்து" என்றார் அந்த மனிதர். அக்கா படிவத்தின் பின்பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அக்கா ஐந்தடி உயரம். உடுப்பைக் கையில் இரண்டு மடிப்பு, காலில் இரண்டு மடிப்பு மடிக்கவேண்டும். லொறி ஓட்டும் சோதனையில் முதல் தரம் தவறினார். இரண்டாம் தரம் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துப் பாஸ் பண்ணினார். வண்டி ஓட்டுவது, தண்ணீர் இறைக்கும் பம்பை இயக்குவது, சாமான்களைப் பராமரிப்பது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பொறுப்புக்கு வந்தன. பட்டியலில் 'சரி' என்று யார் அடையாளம் போட்டிருந்தாலும், திங்கட்கிழமை தானே ஒவ்வொரு கதவாகத் திறந்து குழாய்களைத் தொட்டுப் பார்ப்பார். பொடியங்கள் 'இன்ஸ்பெக்டர் அம்மா' என்று நக்கலடிப்பார்கள். ஆனால் நெருப்புக்குப் போகும்போது அக்கா ஓட்டினால் பின்னால் கதையும் சிரிப்பும் கேட்கும், வேறு ஆள் ஓட்டினால் கேட்காது என்று கொமாண்டன்ட் எனக்கு ஒருநாள் சொன்னார். கேட்க எனக்கே பெருமையாக இருந்தது. யாரோ என் சொந்தத் தமக்கையைப் புகழ்ந்ததுபோல் வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் இரண்டு தரம் சொன்னேன்.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன்.

உலகக்கிண்ண உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்த கோடைக்கு முந்திய வருசம், படைக்கு நூறு வயது. விழாவுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போடுவதென்று தீர்மானித்தார்கள். நான் அப்போது பக்கத்துப் பட்டணத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். புத்தகம் என் மேசைக்கு வந்தது. கொமாண்டன்ட்தான் எழுதியிருந்தார். அதில் நாற்பது சொச்ச வருசத்துக்கு முந்திய ஒரு தீ வந்தது. அந்த ஊரில் எல்லாருக்கும் பாடமான கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கமக்காரரின் மாட்டுக்கொட்டில் பற்றிக்கொண்டது. படை குளத்தடியில் பம்பை இறக்கியது. தண்ணீர் வரவில்லை. பக்கத்து ஊர்ப் படை வருவதற்குள் கொட்டிலோடு பதினொரு பசுக்கள் எரிந்துபோயின. பம்பை இயக்கியவர் குடிவெறியில் நின்றதால் வால்வைத் திறக்கவில்லை என்று பேச்சு. "அன்று பியர் நேரத்துக்கு வந்தது, தண்ணீர்தான் பிந்தியது" என்று கொமாண்டன்ட் எழுதியிருந்தார். ஊரில் விழாக்களில் வழக்கமாகச் சொல்லிச் சிரிக்கிற வசனம்தான் அது.

பம்புக்காரர் எப்போதோ செத்துப்போய்விட்டார். அவருடைய மனைவி குளத்துக்குப் பக்கத்து வீட்டில் தனியே இருந்தார். முட்டை விற்பவர், நாங்கள் அவரை முட்டை அம்மா என்போம். தீயணைப்பு விழா நாளில் பாண்ட் வாத்தியம் தொடங்கினால் அந்த வீட்டு யன்னல்கள் எல்லாம் மூடிக்கொள்ளும்.

அக்கா ஒருநாள் அச்சகத்துக்கு வந்தபோது அந்தப் பக்கத்தை என் மேசையில் வாசித்துவிட்டார்.

"இது ஆர் பாத்தது?"

"ஊருக்கே தெரியும் அக்கா."

"ஊருக்குத் தெரியும். அந்தாள் வெறியில நிண்டத ஆர் பாத்தது?"

"நாற்பது வருசத்துக்கு முந்தினது அக்கா. இனி ஆரைப் போய்ப் பாக்கிறது?"

"பம்பு கிடக்குதெல்லோ" என்றார்.

அந்தப் பம்பு கிடந்ததுதான். தீக்குப் பிறகு ஊரார் வெட்கத்தில் புதியது வாங்கிப் பழையதைக் கொட்டகையின் மூலையில் படங்கு போட்டு மூடிவிட்டார்கள். ராசியில்லாத சாமான் என்று யாரும் தொடவில்லை. உறிஞ்சு குழாயும் அதோடேயே சுருண்டு கிடந்தது. விழாவில் பழைய பம்பை இயக்கிக் காட்டினால் சனம் பார்க்கும் என்று சொல்லி அக்கா அனுமதி வாங்கினார். அக்காவின் மனுசன் சனி ஞாயிறு முழுக்க மினக்கெட்டு இயந்திரத்தை ஓடவைத்தார். இயந்திரம் ஓடியது. தண்ணீர் வரவில்லை.

அந்த ஞாயிறு பின்னேரம் அக்கா என் சமையலறை மேசையில் ஒரு ரப்பர் வளையத்தை வைத்தார். குழாயும் பம்பும் பொருந்துகிற இடத்தில் இருந்ததாம்.

"பிறஷர் குக்கருக்கு வேற குக்கரின்ர வளையத்தைப் போட்டா விசில் அடிக்குமே? இதில ரெண்டு சாதி இருக்கு பிள்ளை. தண்ணி வெளியில தள்ளுற குழாய்க்கு ஒண்டு, உள்ளுக்கு இழுக்கிற குழாய்க்கு ஒண்டு. பாக்க ஒரே மாதிரித்தான். தள்ளுற வளையத்தை இழுக்கிற குழாயில போட்டா, காத்தைத்தான் இழுக்கும். தண்ணி ஏறாது. வெறியில்லாதவன் நிண்டாலும் ஏறாது."

நான் வளையத்தைக் கையில் எடுத்தேன். "ஆர் அக்கா மாத்திப் போட்டது?"

அக்கா பழைய சோதனைப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தார். தீக்கு ஆறு நாள் முன்பு ஒரு பதிவு: உறிஞ்சு குழாய்க்குப் புது வளையம் போடப்பட்டது, சோதிக்கப்பட்டது, சரி. பக்கத்தில், பம்பு எத்தனை நிமிடம் ஓடியது என்று எழுதும் கட்டம். அது வெறுமையாக இருந்தது. ஓட்டாமல் எப்படிச் சோதிப்பது? கீழே கையெழுத்து. அது அந்தக் காலத்துக் கொமாண்டன்டின் கையெழுத்து, அதாவது இப்போதைய கொமாண்டன்டின் அப்பா. கொட்டகைச் சுவரில் மாலை போடாத குறையாக அவருடைய படம் தொங்குகிறது. புத்தகத்தின் முதல் பக்கமும் அவருக்குத்தான்.

"அக்கா, அந்த வசனத்தை மட்டும் எடுத்துவிடுவம். ஒருத்தருக்கும் நோகாது" என்றேன்.

"எடுத்தா? ஊர் சொல்லுறத விட்டிடுமே?"

திங்கட்கிழமை பின்னேரம் படையின் பயிற்சி. நல்ல வெளிச்சம். குளத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நின்றார்கள். நானும் பயத்தில் கூடப் போனேன். அக்கா முதலில் பழைய வளையத்தைப் போட்டுப் பம்பை இயக்கினார். இயந்திரம் அலறியது, குழாய் வாயில் ஒரு சொட்டும் இல்லை. "ஒரு பியர் கொடுங்கள், வரும்!" என்று யாரோ கத்த, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரப்பர் பழசாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்றார் கொமாண்டன்ட். அக்கா தலையாட்டிவிட்டு, அதே சாதியில் புத்தம் புது வளையத்தைப் பையிலிருந்து எடுத்துப் போட்டார். மறுபடி அலறல்தான். இப்போது சிரித்தவர்கள் பாதிப் பேர். பிறகு இழுக்கிற குழாய்க்குரிய வளையத்தைப் போட்டார். அரை நிமிடம் கூட இல்லை. குளத்தின் மறுகரை வரைக்கும் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

அக்கா சோதனைப் புத்தகத்தைத் திறந்து கொமாண்டன்டிடம் நீட்டினார். அவர் வாசித்தார். பழைய வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் அப்பா போட்டது."

"ஓம்" என்றார் அக்கா. அவ்வளவுதான். ஒரு ஆறுதல் வார்த்தை, ஒரு 'மன்னியுங்கோ', ஒன்றும் இல்லை.

அந்த ஆறரை அடி மனிதர் வளையத்தோடு போய்த் தன் காரில் ஏறினார். எனக்கு அக்காவில் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வரும் வழியில் வாய்விட்டே கேட்டேன்.

"தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே அக்கா? அத்தனை பேருக்கு முன்னால அந்தாளைக் குறுகப் பண்ணிப்போட்டியள்!"

"பம்புக்காரனைத் தனியக் கூப்பிட்டே வெறிகாரன் எண்டவை?"

புத்தகம் புதன்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இனி எல்லாம் கொமாண்டன்டின் கையில்தான். அவர் என்ன தருகிறாரோ அதைத்தான் நான் போடவேண்டும். ஒரு சொல்லும் மாற்றாமல் விட்டால் முட்டை அம்மா சாகும்வரைக்கும் வெறிகாரன் பெண்சாதிதான். அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

செவ்வாய் காலை அச்சகம் திறக்க முதலே அவர் வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. கையில் தானே எழுதிய ஒரு தாள். பியர் வசனத்தை வெட்டியிருந்தார். அந்த இடத்தில், தண்ணீர் வராததற்குக் காரணம் தவறான வளையம், அதைப் போட்டுச் சோதிக்காமல் கையெழுத்திட்டவர் என் தந்தை, பம்பை இயக்கியவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதி, இரண்டு பேரின் பெயரையும் முழுதாக எழுதியிருந்தார். நான் அதை வாசித்துவிட்டு அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தானே வேண்டும்.

"அச்சடிக்க முதல் அந்த அம்மாவிடம் போகவேண்டும். எனக்குத் தனியே போகத் தைரியம் இல்லை" என்றார். அக்காவைக் கூப்பிட்டோம். "நீயும் வா பிள்ளை. பதறினா எனக்கு டொச் ஓடிப்போயிடும்" என்றார் அக்கா. அவர் பதறி நான் பார்த்ததேயில்லை.

முட்டை அம்மா கதவைத் திறந்து, கொமாண்டன்டைக் கண்டதும் மூடப் போனார். பிறகு அக்காவைக் கண்டு விட்டுவிட்டார். சமையலறையில் இருந்தோம். கொமாண்டன்ட் தாளை வாசித்தார். வளையத்தை மேசையில் வைத்தார். கிழவி அதைத் தொடவில்லை. அழுவார், இல்லாவிட்டால் ஏசுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யன்னலால் குளத்தைப் பார்த்தார்.

"அண்டைக்குப் பின்னேரமே என்ர மனுசன் என்னட்டச் சொன்னவர். சாப்பாட்டோட ஒரு கிளாஸ்தான், அதுக்கு மேல இல்லையெண்டு. வாயில பியர் மணந்தது. நான் நம்பேல்லை."

யன்னலை விட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"அதுக்குப் பிறகு அவர் சாகுமட்டும் ஒரு சொட்டும் தொடேல்லை. இருவது வருசம். குற்றம் செய்த மனுசன்தானே இப்பிடி விடுவான் எண்டு நான் நினைச்சன். அதைத்தான் சாட்சியா வச்சிருந்தன்."

கொமாண்டன்டின் கையில் இருந்த தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தானே ஒருதரம் மெதுவாக வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இதில இன்னொரு வரி சேர். மனைவியும் நம்பவில்லையெண்டு எழுது. உண்மையெண்டா முழுசா எழுதுங்கோ."

கொமாண்டன்ட் அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்காவை எனக்குத் தெரியும். ஒரு வரியையும் விட்டுவைக்கிற ஆள் இல்லை. நேற்றுத்தான் பெத்த அப்பனின் பெயரைப் பிள்ளைக்கு முன்னால் போட்டு உடைத்தவர். கிழவியோ பேனையைக்கூட எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

அக்கா பேனையை எடுத்து மூடினார்.

"இல்லை" என்றார் தன் முறிந்த டொச்சில். "நாங்கள் பம்பைத்தான் சோதிக்கிறது. இதைச் சோதிக்கிறதில்லை."

அப்போதுதான் கிழவி அழுதார். அக்கா கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு இருந்துகொண்டு, எங்கள் இரண்டு பேரையும் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

புதன்கிழமை புத்தகம் அச்சுக்குப் போனது. அந்த வரியை நான் சேர்க்கவில்லை. அடுத்த வருசம் பிள்ளைகளின் படிப்புக்கென்று அக்கா குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார். முட்டை அம்மாவும் இப்போது இல்லை. முழுசாக எழுதச் சொல்லி அந்த அம்மா என்னிடம்தான் கேட்டார். அதனால்தான் இத்தனை வருசத்துக்குப் பிறகு, அக்கா சொல்லைத் தட்டி, இங்கே எழுதுகிறேன்.